பின்னால் மிதித்த கால்

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை கெசீனா வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இன்று சனி. வீட்டில் சைக்கிள் இல்லை.

பீரம் மாதிரி ஒரு கடலோரக் கிராமத்தில் சைக்கிள் இல்லாத வீடும் கதவில்லாத வீடும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு டெல்ஃப்சைல் முதியோர் இல்லத்தில் நிற்க வேண்டுமென்றால் ஆறேகாலுக்கே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் ஓட்ட அவள் கற்றுக்கொள்ளவும் இல்லை. மழையோ பனியோ, கடலிலிருந்து உப்போடு வந்து முகத்தில் அறையும் காற்றோ, எதையும் பார்க்காமல் முப்பத்தெட்டு வருடமாக மிதித்துப் போய் மிதித்து வந்தவள். ஒரு மாதமாகத்தான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அறுபத்தோராவது பிறந்தநாளுக்கு மகன் மென்னோ புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். எட்டு கியர், இரண்டு கைப்பிரேக், பளபளவென்று நீல நிறம். பதினோராவது நாள், வழக்கமான பாதையில் ரோடு வேலை நடந்ததால் கடலைத் தடுக்கும் மண்கரையான கடலணை மேலேறிச் சுற்றி வந்த கெசீனா, சரிவில் இறங்கும்போது, அடியில் நாயோடு நின்றிருந்த ஃபென்னா கிழவி மேல் நேராகப் போய் மோதினாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து ஃபென்னா செத்துப் போனாள்.

"ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சேன். பிரேக் பிடிக்கல."

கெசீனா சொன்னதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது இவ்வளவுதான். அந்தச் சைக்கிளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவர் வூபோ. டெல்ஃப்சைலில் சின்னதாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அவர் கெசீனாவின் மகள் ஹார்ம்கேக்கு மாமனாரும்கூட.

மோதியதில் சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்து பிரேக் ஒயர் அறுந்து தொங்கியது. மோதியதால் அறுந்ததா, முதலிலேயே சரியாக முடுக்காமல் விட்டதா என்று சொல்ல முடியாது என எழுதிக் கொடுத்துவிட்டு, போலீஸ் அனுப்பிய பரிசோதனைக்காரர் போய்விட்டார். அன்றிலிருந்து ஹார்ம்கேயின் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. புருஷன் யெல்மர் தூர்வாரும் கப்பலில் ஏறி ஏதோ ஒரு நடுக்கடலில் இருக்கிறான். இரண்டு பக்கத்து இடியையும் வாங்கிக்கொள்ள இவள் ஒருத்திதான் கரையில் மிச்சம்.

காலையிலேயே தம்பி மென்னோ போனில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நேரா க்ரோனிங்கன் டவுன்ல இருக்கற பெரிய சைக்கிள் கடைக்குப் போ. அந்த ஆள் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காத."

"அந்த ஆளா? என் மாமனார்டா அவர்."

"உனக்கு மாமனார். எனக்கு, எங்கம்மாவைக் கொலைகாரியாக்கின ஆள்."

"வாயைக் கழுவுடா முதல்ல."

"நான் சொல்றதைக் கேளு. பெல்ட் வண்டியா பாரு. செயின் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். டிஸ்க் பிரேக். எந்த மெக்கானிக் கையும் அது மேல படவே கூடாது. சாயங்காலம் நான் அவரைப் பார்க்கப் போறேன். தப்பு அவரோடதுன்னு ஒரு கையெழுத்து வாங்காம வரமாட்டேன்."

"மென்னோ, அவரே பாதி செத்துப் போயிருக்கார்..."

போனை வைத்துவிட்டான். போன வாரம் ஹார்ம்கே மாமனார் கடைக்குப் போயிருந்தபோது, யாருடைய வண்டியிலோ ஒரே திருகை அவர் முடுக்கிக்கொண்டிருந்தார். முடுக்கி, தளர்த்தி, மறுபடி முடுக்கி. நாலு தடவை எண்ணிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

க்ரோனிங்கன் போகும் வழியெல்லாம் மழை. ஹார்ம்கே கார் ஓட்ட, கெசீனா மடியில் ரொட்டி டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே எங்கே போனாலும் வெண்ணெயும் சீஸும் வைத்த நாலு துண்டு ரொட்டி கூடவே வரும். இன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை.

"சாப்பிடும்மா."

"பசிக்கல."

"ரெண்டு நாளா இதையே சொல்ற."

"ரெண்டு நாளா பசிக்கல. வேற என்னத்தைச் சொல்ல?"

பெரிய கடையில் இருந்த கடைக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனுஷி. இருவரும் நனைந்த கோட்டைக் கழற்றுவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட்டாள்.

"தினமும் எவ்வளவு தூரம்மா?"

"போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது" என்றாள் ஹார்ம்கே. அம்மா பேசுவதாக இல்லை.

"கடலோரமா?"

"பீரம்."

"அய்யய்யோ, அப்போ திறந்த செயினே வேண்டாம். உப்பு ஒரே குளிர்காலத்துல தின்னு தீர்த்துடும். இதைப் பாருங்க, ரப்பர் பெல்ட். எண்ணெய் கேக்காது, துருப்பிடிக்காது, உடுப்புல கறை ஆக்காது. கியரெல்லாம் பின்சக்கரத்து வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. சக்கரம் சுத்தினா விளக்கு தானா எரியும். டயர்ல கண்ணாடி குத்தினாலும் காத்து இறங்காது. வருஷத்துக்கு ஒரு தடவை துணியால துடைச்சா போதும். சத்தியமா சொல்றேன், என் வீட்டுக்காரரை விட இதுக்குப் பராமரிப்பு கம்மி."

ஹார்ம்கே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். கெசீனா சைக்கிளின் ஹேண்டில்பாரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்?" என்றாள்.

"முன்னாடி பின்னாடி ரெண்டும் டிஸ்க். கொட்டற மழையிலயும் சொன்ன இடத்துல நிக்கும்."

"யாரு சொல்லணும்? கையா?"

கடைக்காரிக்குக் கேள்வி புரியவில்லை. "பின்ன? கைதானே பிடிக்கும்? ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

"வேண்டாம். இதையே கட்டிக் குடுங்க."

"அம்மா, ஓட்டிப் பார்க்காம யாராவது வாங்குவாங்களா?" ஹார்ம்கே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா திங்கட்கிழமை இருட்டுல தனியா ஏறறதுக்கு, இன்னைக்கு என் கண்ணு முன்னாடி ஒரு தடவை ஏறிடு."

கடைக்குப் பின்னால் கல் பாவிய ஒரு சந்து. லேசாகச் சரிந்து தெருவில் போய் முட்டும். ஒரு பக்கம் முழுக்க யார் யாருடையவோ சைக்கிள்கள். கெசீனா ஏறினாள். முதல் நாலு மிதி தள்ளாடியது. பிறகு உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதுகு நேராக நிமிர்ந்து, தாடை உயர்ந்து, ஹார்ம்கே சின்ன வயதிலிருந்து பார்த்த அம்மாவாகச் சந்தின் மேல்கோடிக்குப் போய்த் திரும்பினாள். இவள் மறுபடி ஓட்டுவாள், இந்த வீடு எப்படியாவது தேறிவிடும் என்று ஹார்ம்கே ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அப்போது பக்கத்துக் கடையின் பின்கதவு திறந்து, மார்பு வரை அட்டைப் பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் சந்துக்குள் கால் வைத்தான்.

"அம்மா, நிறுத்து!"

கெசீனாவின் கால்கள் நின்றன. அடுத்த நொடி பின்னால் சுழன்றன. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை வெறி பிடித்தது போல. பெடல் சும்மா சுற்றியது. சைக்கிள் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஹார்ம்கே கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் ரப்பர் பிடியைச் சுற்றி மடங்கியிருந்தன. பிரேக் லீவரை ஒரு விரல்கூடத் தொடவில்லை.

பெட்டிக்காரன் பெட்டிகளைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அங்கே நிறுத்தியிருந்த சைக்கிள் வரிசைக்குள் கெசீனா போய் விழுந்தாள். ஏழெட்டு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்று அவன் கத்தினான்.

ஹார்ம்கே ஓடிப்போய்த் தூக்கினாள். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. எழுந்து நின்ற கெசீனா மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று கடலணையிலும் இதேதான் நடந்தது என்பது அதிலேயே வெளியில் வந்துவிட்டது.

ஹார்ம்கேயும் பின்னால் மிதித்து நிறுத்தும் வண்டியில்தான் சைக்கிள் பழகினாள். அந்த நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான். நிற்க வேண்டுமென்றால் பெடலைப் பின்னால் ஒரு மிதி. கைக்கு வேலையே இல்லை. அம்மாவின் பழைய கறுப்பு வண்டியில் லீவர் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்பா டெர்க் சாகிற வரை கொட்டகையில் வைத்து அவரே அதைப் பார்த்துக்கொண்டார். வூபோ அந்த வண்டியைத் தொட்டதும் இல்லை, அம்மாவுக்குக் கைப்பிரேக் பழக்கமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியும் இல்லை.

பதினோரு நாள் அம்மா அந்த நீல வண்டியை எப்படித்தான் ஓட்டினாள்? எப்படியென்றால், தட்டை ஊர். எதிர்காற்றே பாதி பிரேக். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாக ஓய்ந்துவிடும், காலை ஊன்றி இறங்கிவிடலாம். அந்தப் பக்கத்தில் சரிவு என்று சொல்ல இருப்பது கடலணை ஒன்றுதான்.

கடைக்காரி ஓடி வந்தாள். "ஒண்ணும் ஆகலையே? வண்டி கிடக்குது, விடுங்க."

கெசீனா கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குரல் நிதானமாக இருந்தது. "பின்னால மிதிச்சா நிக்கற வண்டி வச்சிருக்கீங்களா?"

"அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா! அதைத்தானே ஓட்டி வளர்ந்திருக்கீங்க? வாங்க, இதை விட லேசு அது."

கறுப்பு வண்டிதான். செயின் முழுவதும் மூடிய பெட்டிக்குள் இருந்தது. தடித்த டயர், இரும்பு கேரியர், அகலமான மட்கார்டு.

"எண்ணெய்கூட ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். கியர் இல்ல, ஒயர் இல்ல. அறுந்து போறதுக்குன்னு இதுல எதுவுமே இல்லம்மா" என்று கடைக்காரி சந்தோஷமாகச் சொன்னாள்.

ஹார்ம்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு பணம் கட்டப் போனாள்.

*

பின்சீட்டை மடக்கி வண்டியைக் காருக்குள் ஏற்றினார்கள். கார் ஊரைத் தாண்டியது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் ஹார்ம்கே.

"என்னது?"

"நடிக்காதம்மா. எனக்குக் கெட்ட கோபம் வருது."

கெசீனா ரொட்டி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"அப்பவே தெரியும். ஃபென்னா கீழ கிடக்கா. நாய் குரைக்குது. என் கால் இன்னமும் பெடலைப் பின்னால தள்ளிட்டே இருக்குது. கால் என் பேச்சைக் கேக்கலடி. அது அதோட வேலையைத்தான் செஞ்சுது. வண்டிதான் வேற."

"அப்புறம் எதுக்குக் கையால பிடிச்சேன்னு சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? ஆஸ்பத்திரியில போலீஸ்காரி நிக்கறா, மென்னோ ஓடி வரான். முகத்துல ரத்தமே இல்ல. 'அம்மா, பிரேக் பிடிக்கலையா?'ன்னு அவன்தான் கேட்டான். ஆமான்னு தலையாட்டினேன். கையால பிடிச்சீங்களான்னு அவ கேட்டா. அதுக்கும் ஆமான்னேன். ரெண்டு ஆமாம்தான். மிச்சத்தை அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"ரெண்டு ஆமாம்! அதை ஒரு மாசத்துல ஒரு நாள் இல்லன்னு மாத்தத் தெரியலையா உனக்கு?"

"மாத்தினா?" கெசீனா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "பழைய வண்டியே போதும்டா, எனக்குக் கைப்பிரேக் பழக்கமில்லடான்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ரெண்டு நாள்ல பழகிடும்மான்னு சொல்லி, அதைப் பழைய இரும்புக்குப் போட்டது யாரு? அவன்தானே? ஆசையாத்தான் செஞ்சான். இப்ப போய், கோளாறு வண்டியில இல்லடா, நீ வற்புறுத்திக் குடுத்ததுலன்னு சொல்லட்டுமா? ஃபென்னாவைக் கொன்னது தான்தான்னு அவன் ஆயுசுக்கும் நினைச்சுக்குவான். அவன் தாங்க மாட்டாண்டி."

"எங்க மாமா மட்டும் தாங்குவாரா?"

கெசீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாலு தடவை, அம்மா. ஒரே திருகை நாலு தடவை முடுக்கறார். முடுக்கினோமா இல்லையான்னு தன் கையையே நம்ப மாட்டேங்குறார். போன மாசம் வரைக்கும் கண்ணை மூடிட்டு வேலை செஞ்ச மனுஷன். உன் பிள்ளை தாங்க மாட்டான்னு ஊரான் வீட்டுக் கிழவனைத் தூக்கிக் குடுத்துட்ட. அவர் ஊரான்கூட இல்ல. என் பிள்ளைங்களுக்குத் தாத்தா."

கெசீனா அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். ஹார்ம்கேக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, காரிலிருந்து இறக்கி விட்டுவிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஓட்டினாள்.

வழியில் ஆப்பிங்கடாம் ஊரைத் தாண்டியதும் கெசீனா மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுக்கு வேண்டாம். வூபோ கடைக்கு விடு. நானே சொல்றேன்."

"நிஜமாவா?"

"மென்னோ சாயங்காலம் போறான்னியே. அவன் போறதுக்குள்ள விடு."

*

மென்னோவின் கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. கடைக்கதவில் 'மூடியிருக்கிறது' பலகை. மணி நாலுகூட ஆகவில்லை.

சண்டை சத்தம் கேட்கும் என்று நினைத்துத்தான் ஹார்ம்கே கதவைத் தள்ளினாள். உள்ளே காபி வாசனை. வேலை மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மென்னோவின் கண்கள் சிவந்திருந்தன. வூபோ முகச்சவரம் செய்து, தோய்த்த சட்டை போட்டிருந்தார். ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் மனிதர் போல இருந்தார்.

"மோய்" என்றார் வூபோ. அந்தப் பக்கத்தில் வா என்பதற்கும் போ என்பதற்கும் அது ஒன்றுதான் வார்த்தை. "உள்ள வாங்க சம்பந்தியம்மா. நனைஞ்சுட்டீங்களே."

மென்னோ எழுந்தான். "அம்மா, எல்லாம் முடிஞ்சுது. மாமா ஒத்துக்கிட்டார்."

காலையில் 'அந்த ஆள்'. இப்போது 'மாமா'.

"என்னத்தை ஒத்துக்கிட்டீங்க?" ஹார்ம்கேயின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கையெழுத்து வேணும்னு இவன் வந்து நின்னான்" என்றார் வூபோ. "நீ லேட்டுடான்னேன். காலையிலயே போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வந்துட்டேன். ஒயரை நான் முடுக்காம விட்டுட்டேன்னு என் கையால எழுதிக் குடுத்தாச்சு. மேல கேஸ் வரும்னாங்க. வரட்டும்."

"முடுக்கலைன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா? நிஜமாவே இருக்கா?"

"முடுக்கினதாவும் ஞாபகம் இல்ல, முடுக்காததாவும் ஞாபகம் இல்லம்மா. நாப்பது வருஷமா முடுக்கறேன். எந்தத் திருகு எந்த நாள்னு யாருக்குத் தெரியும்?" வூபோ கெசீனாவைப் பார்த்தார். "ஆனா ரெண்டு கையாலயும் பிடிச்சேன்னு சம்பந்தியம்மா சொல்றாங்க. அவங்க பொய் சொல்ற ஆளில்ல. அப்போ தப்பு என்னோடதாத்தானே இருக்கணும்? யோசிச்சு யோசிச்சுப் பைத்தியம் பிடிக்கறதுக்கு, ஒத்துக்கிட்டா நிம்மதி. திங்கட்கிழமையோட கடையை மூடறேன். இனிமே ஒருத்தர் வண்டியைத் தொட எனக்கு யோக்கியதை இல்ல."

கெசீனாவின் கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"வூபோ..." என்று ஆரம்பித்தாள்.

ஹார்ம்கே மனதுக்குள் கெஞ்சினாள். சொல்லு, அம்மா. சொல்லிவிடு.

அதற்குள் மென்னோ வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். முப்பத்திரண்டு வயது ஆள், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். "ஒரு மாசமா நான் தூங்கலம்மா. நான் வாங்கிக் குடுத்த வண்டியாச்சே, நான்தானோ, நான்தானோன்னு... செத்துடலாம்னுகூட இருந்துச்சும்மா. இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கெசீனாவின் கை அவன் முதுகில் ஏறியது. தடவ ஆரம்பித்தது.

வூபோ மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்னை மன்னிச்சிடுங்க, சம்பந்தியம்மா."

ஹார்ம்கே அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றாள் கெசீனா.

கிழவர் அழுதுவிட்டார். வாய்விட்டு, ஆஸ்பத்திரியில் நல்ல சேதி கேட்டவர்கள் அழுவார்களே, அப்படி அழுதார். அழுதுகொண்டே மருமகள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா, ஹார்ம்கே. நீ சொன்னாத்தான் எனக்கு மனசு முழுசா ஆறும்."

மென்னோவின் தோளுக்கு மேலாகக் கெசீனா மகளைப் பார்த்தாள். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம்.

ஹார்ம்கே மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல உட்காருங்க, மாமா" என்றாள்.